முந்தலுக்கு மேலே

“என்னை மேலே கூட்டிட்டுப் போங்க. எங்க அம்மாவைப் புதைச்ச இடத்தை நான் பார்க்கணும்.”

இதைக் கேட்கவே கூடாது என்று ஞானப்பூவுக்கு உத்தரவு. உத்தரவு போட்டவர் சித்தப்பா மாசிலாமணி. போடிநாயக்கனூர்ச் சபைக்கு உபதேசியார். அப்பா இல்லாத அவளுக்கு அப்பா ஸ்தானம். “கல்லறையைத் தேடி அலையறது விசுவாசம் இல்லாதவங்க செய்யற வேலை. உங்கம்மா கர்த்தர்கிட்ட இருக்கா. அத்தோட விடு. இனிமே அந்தப் பேச்சை எடுக்கப்படாது.”

எடுக்கவில்லைதான். மாதக்கணக்கில் நாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இன்று விடிந்தும் விடியாமலும் வீட்டை விட்டு இறங்கி, முந்தல்வரை ஒரே நடையாக நடந்து வந்து, மலையடிவாரத்தில் பொதிமாடுகளுக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருத்தனிடம் கேட்டே விட்டாள். கேட்டாள் என்பதுகூடச் சரியில்லை... அதட்டினாள்.

அவன் மாட்டின் முதுகுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஆவணிச் சாரல் அவன் புருவத்தில் துளித்துளியாக நின்றது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... மழையில் நனைந்த பாறைக்கு ஒரு கறுப்பு உண்டே, அந்தக் கறுப்பு.

‘வந்த வேலையைப் பார். கண்ணை எதற்குப் பார்க்கிறாய்?’ என்று ஞானப்பூ தன்னையே கடிந்துகொண்டாள்.

“மூட்டையைத் தூக்க மாடு இருக்கு. வாத்தியாரம்மாவத் தூக்க மாடு இல்லையே” என்றான் அவன்.

“நான் வாத்தியாரம்மான்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“சாரலுக்கே குடை... கால்ல பூட்ஸு... பாத்த ஒடனே ஒரு அதட்டு. இதுக்கு மேல யாரு சொல்லணும்?”

ஏலக்காய் எடுக்க மலை ஏறக் காத்திருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர்களில் மூத்தவள் சுருளியம்மாள், வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, “ஏலே சோலைமலை, பொட்டப்புள்ள தனியா வந்து நிக்கிது. அதுகிட்டயா ஒன் வாயக் காட்டுற? ஏத்தா, யாரு ஒன் அம்மா?” என்றாள்.

“அன்னபாக்கியம். ஆனைக்கல் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவங்க. போன ஐப்பசியில... காய்ச்சல்ல...”

சிரிப்பு நின்றது. சோலைமலையின் கை கயிற்றில் அப்படியே நின்றது. அவன் அவளை இன்னொரு தரம் பார்த்தான். இந்தத் தடவை விளையாட்டு இல்லை.

“நடப்பீங்களா?”

“நடப்பேன்.”

“வாங்க.” அவ்வளவுதான். திரும்பி மூட்டையை இறுக்க ஆரம்பித்துவிட்டான்.

சுருளியம்மாள் அவள் காதோடு, “எங்க கூட்டத்தோட வா. அவனை அண்ணேன்னு கூப்பிட்டுக்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாக” என்றாள். ஞானப்பூ தலையாட்டினாள். வண்டிக்காரர், தபால்காரர் என்று ஊரில் எல்லாரையும் அண்ணே என்று கூப்பிடுகிறவள்தான் அவள். இவனிடம் மட்டும் அந்த வார்த்தை வாய்க்குள்ளேயே சண்டித்தனம் பண்ணியது.

போன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, ஐப்பசியில்தான் அந்த விஷக்காய்ச்சல் வந்தது. ஊருக்கு ஊர் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். ஞானப்பூ அப்போது மதுரையில் மிஷன் பள்ளி விடுதியில் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். விடுதிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தகவல் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. முழங்கால் தேய ஜெபித்தாள். அவ்வளவு உறுதியாக, அவ்வளவு முழுசாக அதற்கு முன் அவள் எதையும் கேட்டதில்லை. அம்மா செத்துப்போனாள்.

அவள் படித்த ஒவ்வொரு பாடமும் அம்மா குனிந்து குனிந்து பறித்த ஏலக்காய். அந்த அம்மாவை யார் தூக்கினார்கள், எங்கே வைத்தார்கள், யாராவது ஒரு வார்த்தை ஜெபம் சொன்னார்களா... ஒன்றுமே தெரியாது. ஆறுதல் சொல்ல சபை முழுக்க ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் வசனம் சொன்னார்கள். அழ விட்டவர் ஒருத்தர் இல்லை. அன்றுமுதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. சித்தப்பாவின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும்போது, தான் ஒரு பொய்க்காரி என்று தோன்றும்.

இந்த ஆவணியில்தான் மறுபடி ஆள் ஏறுகிறது. அதுவரை பொதி மட்டும் போய் வந்தது.

அடிவாரத்தைத் தாண்டியதும் பாதையோரம் ஒரு சாமிக்கல். அதன்மேல் காய்ந்ததும் பச்சையுமாகத் தழைக் குவியல். போகிறவர்கள் எல்லாரும் பக்கத்துச் செடியில் ஒரு கொத்து ஒடித்துக் கல்மேல் போட்டார்கள். ஞானப்பூ விலகி நடந்தாள்.

“வாத்தியாரம்மா... தழை?”

“நாங்க போடமாட்டோம்.”

சோலைமலை வற்புறுத்தவில்லை. இன்னொரு கொத்தை ஒடித்துத் தானே போட்டான். “இது உங்க கணக்கு. உங்க சாமி கேட்டா, அந்தப் பய போட்டான், நான் தடுத்தும் கேக்கலன்னு சொல்லிருங்க.”

“எங்க சாமி என்னை ஒண்ணும் கேக்கறதில்ல. நான் கேட்டாலும் பதில் சொல்றதில்ல.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. வீட்டில் ஒரு நாளும் சொல்லாதது... ஒரு மாட்டுக்காரனிடமா? முகம் சுட்டது. குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.

பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. சாரல் இல்லை, அடைமழை. மாடுகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. பெண்கள் ஒரு பாறைக் குடைவுக்குள் ஒண்டினார்கள். ஓரத்தில் ஞானப்பூ. அவளுக்கும் மழைக்கும் நடுவில் சோலைமலை, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு.

“உள்ள வாங்க, நனையறீங்களே.”

“வந்தா உங்க பூட்ஸை மிதிச்சுருவேன். அப்புறம் யாரு அதட்டு வாங்குறது?”

சிரிப்பு வந்தது. அடக்கினாள். அவன் பார்த்துவிட்டான்... பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் மழைப் பக்கம் திரும்பிக்கொண்டான். பள்ளத்தில் கொட்டக்குடி ஆறு மேகத்துக்குள் ஒளிந்துகொண்டு சத்தம் மட்டும் போட்டது.

“உங்க வீட்ல யாராவது...?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“எங்க அய்யா. அதே காய்ச்சல்தான்.”

“சாமிமேல கோவம் வரலையா?”

“வராம? ரொம்ப நாளு அந்தக் கல்லுக்குத் தழையே போடல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போவேன். அப்புறம் பாத்தேன்...” அவன் கம்பளி நுனியைப் பிழிந்தான். “கோவத்தக் காட்டவும் அதவிட்டா வேற ஆளு இல்ல. திரும்பப் போட ஆரம்பிச்சேன். கோவத்தோடயேதான் போடுறேன்.”

‘கோபத்தோடேயே...’ அப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவளுக்கு யாருமே சொன்னதில்லை.

உள்ளேயிருந்து சுருளியம்மாளின் குரல்: “ஏண்டி, அண்ணேன்னு கூப்பிடச் சொன்னேனே, கூப்பிட்டியா?”

“மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, அக்கா!” என்றாள் ஞானப்பூ. 

போடிமெட்டைத் தாண்டி, பொழுது சாயும் நேரத்துக்கு ஆனைக்கல் தோட்டம் வந்தது. கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் வழியில் இன்னும் முள் போட்டிருந்தார்கள். கீழேயிருந்து யார் வந்தாலும் வேப்பிலையும் வசம்பும் போட்ட புகையைத் தாண்டித்தான் வரவேண்டும். கண் எரிய எரிய ஞானப்பூ தாண்டினாள். மற்ற பெண்கள் லயத்துக்குள் போனார்கள். சோலைமலை மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டு அவள் முன்னால் வந்து நின்றான். சுருளியம்மாள் கூடவே வந்து, கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தாள்.

“ஒண்ணு சொல்லணும்” என்றான் அவன். கண் அவளைப் பார்க்கவில்லை. “முந்தல்லயே சொல்லிருக்கணும். சொன்னா நீங்க திரும்பிப் போயிருவீகளோன்னு பயம். உங்காத்தா எந்த மேட்டுல இருக்குன்னு... எனக்கே தெரியாது.”

அவன் கை காட்டிய பக்கம் அவள் முன்னால் நடந்தாள்.

ஏலச்செடிகள் ஆளுயரத்துக்கு நின்ற சரிவுக்கு அந்தப் பக்கம், பெரிய மரங்களுக்கு அடியில், வரிசையாக மண்மேடுகள். மழையில் கரைந்து ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. ஒவ்வொரு மேட்டின் தலைமாட்டிலும் இரண்டு குச்சிகளைக் குறுக்கே வைத்து, நாரால் கட்டி நட்டிருந்தது. ஒன்றுக்கு இல்லை. எல்லாவற்றுக்கும்.

“அன்னிக்கு நாலஞ்சு பேரு சேந்தாப்புல போயிட்டாக. தூக்க ஆளு இல்ல. நானும் இன்னொருத்தனும்தான் வெட்டுனோம். உங்காத்தா நெனவு தப்புறதுக்கு முன்னால கேட்டது ஒண்ணுதான். ‘தலமாட்டுல ஒரு சிலுவை நட்டுருப்பா’ன்னுச்சு. நானும் மறுநா நட்டுக்கலாம்னு விட்டேன். ராத்திரி பேஞ்ச மழையில எல்லா மேடும் ஒண்ணாப் போச்சு. எது யாருன்னு தெரியல. மாத்தி நட்டுட்டா அது பாவமில்லையா? அதான்...” தலையைச் சொறிந்தான். “எல்லாத்துக்கும் நட்டுட்டேன்.”

“எல்லாருக்குமா?”

“எங்க அய்யாவுக்கும் சேத்து. லயத்துல என்னைய அடிக்க வந்துட்டாக. எங்க ஆளுகள எல்லாம் சிலுவை வேதத்துல சேத்துட்டியாடான்னு. கோயில்ல அபராதம் போட்டாக. பிடுங்குடான்னாக. பிடுங்கல. மழைக்கு விழுந்தா மறுபடி கட்டி நட்டுருவேன்.”

ஞானப்பூ ஒரு மேட்டின் அருகே போனாள். உற்றுப் பார்த்தாள். குறுக்குக் குச்சி மேலே இல்லை. கீழே, தரைக்குக் கொஞ்சம் மேலே கட்டியிருந்தது. அடுத்ததும் அப்படியே. எல்லாமே அப்படியே.

“இது... தலைகீழா இருக்குங்க.”

“ஆங்?”

“சிலுவை. குறுக்குக் குச்சி மேல வரணும்.”

அவன் வாயைத் திறந்தபடி வரிசை முழுவதையும் பார்த்தான். “அடக் கொடுமையே... உங்காத்தா கழுத்துச் சங்கிலில பாத்தது. அது குனிஞ்சு காய் எடுக்கும்போது ஆடிக்கிட்டே கெடக்குமில்ல... நான் பாத்தது எந்தப் பக்கம்னு வெளங்கலையே!”

ஞானப்பூவுக்குச் சிரிப்பு வந்தது. பத்து மாதத்தில் முதல் சிரிப்பு. அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. மண்ணில் மண்டியிட்டு அழுதாள். யாரும் வசனம் சொல்லவில்லை. யாரும் தடுக்கவில்லை. அவன் கொஞ்சம் தள்ளி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து காத்திருந்தான்.

“யாராவது... ஜெபம் சொன்னாங்களா?”

“உபதேசியாருக்கு ஆள் விட்டோம். முந்தல் வரைக்கும் வந்தாராம். அப்புறம் வரல.” அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். “அதனால நானே பாடினேன். காய் எடுக்கும்போது உங்காத்தா ஒரு பாட்டுப் பாடுமே, அது. பாதிதான் தெரியும். பாதியில நிறுத்தினா உங்க சாமிக்கு மனசு சங்கடப்படுமேன்னு... மிச்சத்துக்கு எங்கம்மா பாடுற தாலாட்டப் பாடிட்டேன்.”

முந்தல் வரைக்கும் வந்தாராம், சித்தப்பா...

ஞானப்பூ தலையை நிமிர்த்தினாள். மரக்கிளைகளுக்கு நடுவே கொஞ்சம் வானம் தெரிந்தது. அதைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாள்: “ஏன் கேக்கல? நான் அவ்வளவு கேட்டேனே, ஏன் கேக்கல? எனக்குப் பதில் வேணும். பதில் வர்ற வரைக்கும் விடமாட்டேன்.”

பதில் ஒன்றும் வரவில்லை. இலைகளில் நின்ற மழைதான் சொட்டியது. ஆனால் அம்மா செத்ததற்குப் பிறகு இப்போதுதான் அவளுக்குச் சத்தம் வந்திருக்கிறது. உதட்டசைவு இல்லை, குரல். பொய் இல்லை, சண்டை. சண்டை போட வேண்டுமென்றால் எதிரே ஒருவர் இருக்க வேண்டுமே...

வெளிச்சம் இருக்கும்வரை இருவரும் நார் அவிழ்த்து ஒவ்வொரு குறுக்குக் குச்சியையும் மேலே ஏற்றிக் கட்டினார்கள். அவன் அப்பா எந்த மேட்டில் என்றும் தெரியாததால், எல்லாரையும் அவள் தன் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டாள். ஒரு முடிச்சில் இருவர் விரலும் சேர்ந்தன. எடுக்க இருவருக்குமே கொஞ்சம் நேரமானது.

சுருளியம்மாளோடு லயத்தில் படுத்து எழுந்து, காலையில் பொதிக்காரர்களோடு இறங்கினாள். லயத்து வாசலில் தாயில்லாப் பிள்ளைகள் விரல் சூப்பிக்கொண்டு நின்றது அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. இவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க யார் ஏறி வரப்போகிறார்கள்?

வழியில் இரண்டு வளைவு தாண்டியதும் சோலைமலை முன்னால் பார்த்தபடியே சொன்னான்.

“உங்காத்தா காய் எடுக்கையில உன்னையப் பத்தித்தான் பேசும். ‘எம்மகளுக்குக் கோவம் மூக்குமேல நிக்கும். எவன் மாட்டிக்கிட்டு முழிக்கப்போறானோ’ங்கும். நாங்கூடச் சிரிப்பேன்...” நிறுத்தினான். “நான் மாட்டிக்கிட்டேன்னு நெனக்கிறேன்.”

உன்னை என்றான். முதல் தடவையாக.

ஞானப்பூவுக்கு இனித்தது. உடனே பயம், பயத்தோடு கூடவே அந்தப் பாழாய்ப்போன திமிர். தான் ஒரு உதவிக்குக் கடன்பட்டவளாக நிற்பதா?

“எங்கம்மாவுக்குச் செஞ்சதுக்குக் கைமாறா என்னைக் கேக்குறீங்களா?”

சொல்லி முடிக்குமுன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் முகம் வாடிவிட்டது.

“பொதிக்குக் கூலி பேசுறவன்தான்” என்றான் மெல்ல. “இதுக்குப் பேசல, வாத்தியாரம்மா.”

மறுபடி வாத்தியாரம்மா. மாட்டை ஓட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டான். முந்தலில் பிரியும்போது மட்டும், “நாளக்கழிச்சு விடியக்காலம் திரும்ப ஏறுறோம். அரிசி எடுக்க உங்க தெருவுக்கு வருவோம்” என்றான். யாரிடமோ சொல்வதுபோல.

வீட்டில் சித்தப்பா அன்றைக்குப் பேசவே இல்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கு மறுநாள் விடியற்காலையில் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டார்.

“ஒரு ராத்திரி மலையில தங்கிட்டு வந்திருக்கே. சபையெல்லாம் பேச்சு. வத்தலக்குண்டு வாத்தியாருக்கு ரெண்டாந்தாரமாப் போறதுக்குச் சம்மதம்னு சொல்லு, எல்லா வாயையும் நான் அடைக்கறேன்.”

“சித்தப்பா, நீங்க முந்தல் வரைக்கும் வந்தீங்களா?”

அவர் கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. பேசியபோது பிரசங்கக் குரல் இல்லை, கிழவர் குரல்.

“வந்தேம்மா. வேதப்புஸ்தகத்தோடதான் வந்தேன். மேலேருந்து ரெண்டு பிரேதத்தை இறக்கிக்கிட்டு வந்தாங்க. எனக்குக் கால் வரல... பயந்துட்டேன். உங்கம்மா காத்திருப்பான்னு தெரிஞ்சும் பயந்துட்டேன்.”

கத்தத்தான் வந்திருந்தாள் அவள். நாற்காலியை இறுக்கிய அந்தக் கையைப் பார்த்ததும் கத்த முடியவில்லை.

“பயந்தது தப்பில்ல, சித்தப்பா. அந்தக் காய்ச்சலுக்கு யார் பயப்படல? உங்க பயத்தை மறைக்கறதுக்கு என் வாயைக் கட்டினீங்களே... நான் விசுவாசம் இல்லாதவள்னு என்னையே நம்ப வச்சீங்களே, அதுதான் தப்பு.”

தெருவில் மாட்டு மணி கேட்டது. ஞானப்பூ உள்ளே போய், ராத்திரியே கட்டி வைத்திருந்த தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“எங்க போறே?”

“ஆனைக்கல் தோட்டத்துக்கு. லயத்துப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் வைக்கப்போறேன். சுருளியக்கா கூடத் தங்குவேன்.”

“அந்த மாட்டுக்காரனுக்காகவா? அவன் அஞ்ஞானி, ஞானம்!”

“அவர் அவரா இருக்கட்டும், நான் நானா இருக்கேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் கிறிஸ்தவங்களா இருந்தாலே சர்க்கார் ரிஜிஸ்தர்ல கல்யாணம் உண்டு, நீங்களே ஒரு தடவை சொல்லியிருக்கீங்க.”

“அவன் உன்னைக் கேட்டானா?”

“கேட்டார். நான்தான் திமிராப் பேசி அனுப்பிட்டேன்.” பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தாள். “எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு, சித்தப்பா. அவர் பாடின பாதிப் பாட்டுக்கு மிச்சப் பாதியை நான் சொல்லிக்கொடுக்கணும். அவர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டார்... இப்பப் போய்ச் சொல்லப்போறேன்.”

திரும்பினாள். வாசலில், கையில் மாட்டுக் கயிற்றோடு சோலைமலை நின்றிருந்தான். முகம் காதுவரை சிவந்திருந்தது.

“போய்ச் சொல்ல வேண்டாம்” என்றான். “கேட்டுருச்சு.”

ஞானப்பூவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“இந்தப் படி இறங்கினா...” என்று ஆரம்பித்த சித்தப்பா முடிக்கவில்லை. அந்த மிரட்டல் அவருக்கே வேண்டியிருக்கவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். 

“ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு இறங்கி வருவேன், சித்தப்பா. முன்வரிசையில உக்காருவேன். எழுப்பி விடறதா இருந்தா அப்ப எழுப்பி விடுங்க.”

சோலைமலை பெட்டியை வாங்கக் கை நீட்டினான். அவள் முழுசாகக் கொடுக்கவில்லை. ஒரு பக்கத்துக் கைப்பிடியை மட்டும் அவனுக்கு விட்டுவிட்டு, மறுபக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டு, படியிறங்கினாள்.